சிவப்புப் பொத்தானுக்கு மாலை

அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் பொறுத்துப் பிரியுங்கள் அக்கா. தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் காசு, உங்கள் வாய். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கியதுதானே? பிரிப்பதற்கு முன்னால் மேலே இருக்கிற படத்தை ஒரு தரம் பாருங்கள். பட்டுச்சேலை கட்டின பொம்பளை ஒருத்தி கைகூப்பி வாங்க வாங்க என்கிறாள் இல்லையா? விரலை எண்ணுங்கள். பத்து இருக்கும். நான் எண்ணியிருக்கிறேன். அந்தக் கம்பெனிக்குள் ஒரு மாதம் டிரெயினிங் இருந்தவள் நான். உள்ளே போய் எண்ணினால் கணக்கு இடிக்கும்.

ஐயோ, பயந்து கீழே போட்டுவிடாதீர்கள். சேவில் ஒன்றும் கிடக்காது. அந்தத் தொட்டி மாவு முழுவதையும் அன்றைக்கே கொட்டிவிட்டோம் என்று மேனேஜர் சத்தியம் செய்தார். அவர் செய்த சத்தியங்களில் அது ஒன்றாவது நிஜமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். தின்னுங்கள்.

என் பெயர் நிறைமதி. மதுரையில் எம்.எஸ்சி. கடைசி வருஷம், உணவுத் தொழில்நுட்பம். என்ன படிப்பென்று கேட்காதீர்கள், சேவு எப்படி மொறுமொறுவென்று இருக்கிறது என்பதை இங்கிலீஷில் சொல்கிற படிப்பு. மாட்டுத்தாவணி வரைக்கும் நீங்களும் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், பஸ்ஸில் வேறு சீட்டு இல்லை, நான் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் அப்பா எழுந்து மோட்டார் போடப் போய்விடுவார். தொட்டி நிரம்பி வழியும், அவர் வர மாட்டார். கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறேன். மூன்றாவது தடவை எதிர் அணிக்காரி அழுதே விட்டாள்.

பதினொரு மணிக்கு மதுரையில் நஷ்டஈட்டு விசாரணை. கம்பெனிக்காரர்களும் வருவார்கள், கை போனவரும் வருவார், நானும் போகிறேன். அந்த மாதம் அங்கே டிரெயினிங்கில் இருந்ததால் சாட்சி சொல்ல எனக்கும் கடிதம் வந்தது. இந்த பைலில் நாலு தாள் இருக்கிறது பாருங்கள், முன்னும் பின்னும் எழுதியிருக்கிறேன், ஒரு விரல் வைக்க இடம் கிடையாது. விரல் என்று சொல்லக் கூடாது, வாயில் அதுவாகவே வருகிறது.

யார்மேல் கோபம் என்று நினைக்கிறீர்கள்? முதலாளிமேல் இருக்கிறது, அது பிறந்ததிலிருந்தே உண்டு. மேனேஜர்மேல் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது எனக்கு யார்மேல் ஆத்திரம் பொங்கியது தெரியுமா? கை போனாரே, அந்தச் சோலையக்காமேல்தான். ஏன் பார்க்கிறீர்கள்? முழுசாகக் கேட்டுவிட்டு முறையுங்கள்.

சோலையம்மாள். நாற்பது வயசிருக்கும். பதினாலு வருஷமாக அங்கே மாவுப் பகுதியில் வேலை. முதல் நாள் நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போய் நின்றபோது, "பாப்பா, முடிய வலைக்குள்ள தள்ளு, ஒரு மயிர் விழுந்துச்சுன்னா பாம்பேல வாங்குறவங்ககிட்டருந்து லெட்டர் வரும்" என்று தன் கையாலேயே தலைவலையை மாட்டிவிட்டவர் அவர்தான். மறுநாளிலிருந்து எனக்கும் சேர்த்துப் புளிச்சோறு. நான் உப்பு எத்தனை சதவீதம், ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று அளந்துகொண்டு நிற்பேன். அவர் மாவை ஒரு சிட்டிகை கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சொம்புத் தண்ணி" என்பார். என் கருவி சொன்னதும் அவர் விரல் சொன்னதும் ஒன்றாகத்தான் இருக்கும். கருவிக்குப் பாட்டரி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாவு பிசைகிற மெஷின் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குளிக்கிற தொட்டி அளவுக்கு எவர்சில்வர் தொட்டி. உள்ளே ஆள் தொடை கனத்துக்கு வளைந்த இரும்புக் கை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே கம்பி மூடி. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும், செய்தவன் அப்படித்தான் செய்து அனுப்பியிருக்கிறான். இவர்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தானாக நிற்கிற ஒயரை முறுக்கிக் கட்டி டேப் சுற்றிவிட்டார்கள். நின்று நின்று ஓடினால் மாவு இறுகுகிறதாம். சரி, மூடி இருக்கிற வரைக்கும் ஆபத்தில்லை. தொட்டி ஓரத்தில் ஒட்டின மாவை வழிக்க மூடியில் ஒரு சந்து உண்டு, அதன் வழியாக நீளக் கட்டைக் கரண்டியை விட வேண்டும். மெஷின் பக்கவாட்டில் காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான். ஏதாவது ஆகிவிட்டால் ஓங்கி ஒரு குத்து, அவ்வளவுதான், நின்றுவிடும். இதெல்லாம் எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் அக்கா. தொண்ணூற்றொரு மார்க்கு.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

மேனேஜர் பெயர் பால்வண்ணன். பக்திமான். நெற்றியில் விபூதி அடித்தால் பின்னாலிருந்தே தெரியும். பூஜையன்று மத்தியானம் மெஷின் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். இந்த மெஷினிடம் வந்து நின்று மோவாயைத் தடவினார்.

"ஏய்யா சங்கிலி, மூடிக்கு மேல பொட்டு வச்சா அது மூடிக்குச் செஞ்ச பூஜ. உள்ள கெடக்குற கைதானய்யா ஒழைக்குது? அதுக்கு வைக்க வேணாமா?"

சங்கிலி அண்ணன் பிட்டர். எதிர்த்துப் பேசத் தெரியாது, ஸ்பேனர் எடுக்கத் தெரியும். நாலு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த இரும்புக் கைக்குச் சந்தனம், குங்குமம். பிறகு, மூடி கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கும் ஒரு பொட்டு. வாழைக்கன்று கட்டியாயிற்று. இரண்டு முழம் செவ்வந்தி மாலை, என் மணிக்கட்டு கனம், அதையும் மெஷினுக்குப் போட்டாயிற்று. வழவழவென்று எவர்சில்வர், ஆணி கிடையாது, கொக்கி கிடையாது. நீட்டிக்கொண்டிருந்தது அந்தச் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். மாலை அதில் ஏறிவிட்டது. ரொம்ப அழகாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பொரி, கடலை, சுண்டல். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. தீபாவளி ஆர்டர் மலை மாதிரி கிடக்கிறது. ஏழரைக்குள் முதல் மாவு விழ வேண்டும், நல்ல நேரம். சங்கிலி அண்ணன் கேட்டிருக்கிறார், "சார், மூடிய மாட்டிரவா?"

"சாயங்காலம் வரைக்கும் பூவுல கை வைக்கக் கூடாதுய்யா. மூடிய மாட்டுனா சந்தனமெல்லாம் அழிஞ்சு போகும். ஒரு நாளைக்கு என்ன? ஆத்தா பாத்துக்கிருவா."

ஆத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு வேறு வேலை என்ன.

நான் அப்போது லேப் தராசில் உப்பை நிறுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் இல்லை, அது எப்போதும் கேட்பது. இது வேறு. ஓடினேன். மூடி இல்லாத தொட்டி, ஓரத்தில் காய்ந்து ஒட்டின மாவு. சந்து இல்லாதபோது நீளக் கரண்டி எதற்கு என்று சோலையக்கா கையாலேயே வழித்திருக்கிறார். பதினாலு வருஷப் பழக்கம் வேறு, மாவைத் தொட்டுப் பார்க்காமல் அவருக்கு ஆகாது. இரும்புக் கை அவர் ஓவர்கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. சங்கிலி அண்ணன் பாய்ந்து வந்து மெஷின் பக்கவாட்டில் பூவையே குத்துகிறார் அக்கா. பூவையே. இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து. இதழ் பறக்கிறது. பொத்தான் எங்கே என்று கைக்குத் தட்டுப்படவில்லை. மாலையைப் பிய்க்கப் பார்த்தார், நல்ல வாழைநார், அறுந்து தொலையவில்லை. கடைசியில் மெயின் போர்டுக்கு ஓடி இழுத்துவிட்டார். ஏழெட்டு வினாடி இருக்கும். ஏழெட்டு வினாடி என்றால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் ஒரு சேவை எடுத்து வாயில் போட்டு மென்று முழுங்குகிற நேரம்.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாக. மோதிர விரல் பாதி.

தண்ணி குடிக்கிறீர்களா? என்னிடம் இருக்கிறது. குடியுங்கள்.

இனிமேல்தான் நகைச்சுவை ஆரம்பம். கம்பெனி வாசலில் பெரிய போர்டு ஒன்று உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று போட்டுப் பக்கத்தில் நம்பர். பூஜையன்று நானூற்றுப் பன்னிரண்டு. விஜயதசமிக்கு மறுநாள் நான் போகிறேன், போர்டைப் பார்க்கிறேன். நானூற்றுப் பதினாலு! நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டேன்.

"சார், போர்டுல நம்பர் தப்பா இருக்கு."

"எதும்மா தப்பு?"

"நேத்து விபத்து நடந்திருக்கு."

"அது விபத்து இல்லம்மா. கவனக்குறைவு. விபத்துன்னா மெஷின் தப்பு. கவனக்குறைவுன்னா ஆளு தப்பு. நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப கவனக்குறைவில்லாத நாட்கள்னு இன்னொரு போர்டு வைங்க சார். அதுல உங்க பேரப் போட்டு தினமும் சைபர் எழுதலாம்."

இதைச் சொல்லவில்லை அக்கா. படி இறங்கும்போதுதான் தோன்றியது. எப்போதும் எனக்கு நல்ல பதில் படியில்தான் வரும். ஆனால் அன்றைக்கு மத்தியானம் என்ன செய்தார்கள் தெரியுமா? முந்தின பூசணிக்காய் சிறிசாம். அதனால்தான் திருஷ்டி கழியவில்லையாம். ஆளனுப்பி இதைவிடப் பெரிசாக ஒன்று வாங்கி வந்து உடைத்தார்கள். மூடி? சுவரில்தான் சாய்ந்திருந்தது, பொட்டோடு.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதம் கொண்டுபோனார்கள். என்ன எழுதியிருந்தது? தொழிலாளி சோலையம்மாள் வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டி, பாதுகாப்பு மூடியைத் தானே கழற்றிவிட்டு ஓடுகிற மெஷினில் கையை விட்டார், பக்கத்திலேயே இருந்த பொத்தானையும் அழுத்தவில்லை. அதன் கீழே சோலையக்காவின் பெருவிரல் ரேகை. இடது கை. அவருக்கு அழகாகக் கையெழுத்துப் போடத் தெரியும் அக்கா, மாவுப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன், 'ழ'வுக்குக்கூடச் சுழி அழகாக வரும். பேனா பிடிக்கிற விரலை வாங்கிக்கொண்டு ரேகை கேட்டிருக்கிறார்கள்.

ஏன் அந்தக் காகிதம் முக்கியம் என்றால், தொழிலாளியே வேண்டுமென்றே மூடியைக் கழற்றினார் என்றால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. ஆள் செத்துப்போயிருந்தால் அந்தச் சாக்கு செல்லாது. விரல் மட்டும் போனதால் செல்லும். சோலையக்கா செய்த பிழை என்னவென்றால் சாகாமல் இருந்தது. கம்பெனிக்காரர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: தப்பு என்னுதுதான் என்று விசாரணையில் ஒத்துக்கொண்டால் பாக்கெட் அடுக்குகிற வேலை உண்டு, இல்லையென்றால் அதுவும் கிடையாது. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்திதான். மகள் பிளஸ் டூ.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொதித்துக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், கையில் பூசணிக்காய் அளவுக்குக் கட்டு. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி என்ன கேட்டார் தெரியுமா?

"பாப்பா, சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாங்களா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தன் கை இருக்கிற நிலைமையில் என் சர்டிபிகேட்டை விசாரிக்கிறார்! நான் பிடித்தேன் ஒரு பிடி. "ஏன்க்கா ரேகை வச்சீங்க? மூடியைக் கழட்டுனது மேனேஜர் சொல்லித்தான்னு சொல்ல வேண்டியதுதானே? பொத்தான் பூவுக்குள்ள மறைஞ்சு கெடந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் இருக்குல்ல? உங்கள மாதிரி ஆளுங்க வாய மூடிக்கிட்டு இருக்கறதாலதான் அவனுங்க ஆடுறானுங்க" என்று அரை மணி நேரம். பக்கத்துக் கட்டில்காரி குளுக்கோஸ் பாட்டிலோடு எழுந்து வெளியே போய்விட்டாள்.

சோலையக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "பூவப் பத்திப் பேச வேணாம். சாமிக்குப் போட்டது. விடு பாப்பா."

சாமிக்குப் போட்டதாம்! பாருங்கள் அக்கா, மூடநம்பிக்கை ஒரு மனுஷியை எந்த அளவுக்கு ஊமையாக்குகிறது என்று! என் இரண்டாவது தாள் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறேன். படிக்கட்டுமா? 'அடிமைத்தனம் சங்கிலியால் அல்ல, சந்தனத்தால்...' சரி, வேண்டாம். விருதுநகர் வந்துவிட்டது, கூட்டம் ஏறுகிறது. காலை இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் என்னையும் விடவில்லை. டிரெயினிங் முடிகிற அன்றைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வரவழைத்தார். சர்டிபிகேட்டை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். கனத்த காகிதம், தங்க நிறத்தில் முத்திரை, 'மிகச் சிறப்பு'. அது இல்லாமல் கல்லூரியில் கடைசி செமஸ்டரை ஏற்க மாட்டார்கள். அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.

"விசாரணைக்குக் கூப்புட்டாங்கன்னா நீ மாலையப் பத்திப் பேச வேணாம். நானும் பேசல. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள், லஞ்சம் கொடுக்கிற தைரியம்! என்னிடம்! நான் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். ஆமாம், எடுத்துக்கொண்டுதான். அது நான் ஒரு மாதம் உப்பு நிறுத்ததற்கு வாங்கியது. வாங்குவது வேறு, விலை போவது வேறு. இதோ பைலில் கடைசியில் இருக்கிறது, மடங்கக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன்.

நீங்கள் நினைக்கலாம், ஆதாரம் என்ன இருக்கிறது, வெறும் வாய்தானே என்று. இருக்கிறது! படம். பூஜையன்று எடுத்தது, என் போனில். தேதி, நேரம் எல்லாம் விழுந்திருக்கிறது. பிரிண்டும் போட்டு வைத்திருக்கிறேன். பாருங்கள். மெஷின், மாலை. மாலைக்கு அடியில்தான் பொத்தான்.

மூடியா? மூடி இந்தப் படத்தில் விழவில்லை. கழற்றிச் சாய்த்தது கொஞ்சம் தள்ளி. இல்லை, முழுப் படத்தில் இருக்கிறது. ஓரத்தை நான்தான் வெட்டினேன். தேவையில்லாதது நிறைய இருந்தது, சுவர், வாளி, ஆட்கள். மெஷின்தானே முக்கியம் என்று.

எது? அந்தக் கையா?

ஆமாம், மாலை பக்கத்தில் யாரோ ஒருத்தர் கை விழுந்திருக்கிறது. மாலையைச் சரி செய்கிற கை.

பச்சை வார் வாட்ச்சா.

ரொம்பப் பேர் பச்சை வார் வாட்ச் கட்டுவார்கள் அக்கா.

என் கையை ஏன் பார்க்கிறீர்கள்?

ஒன்றுமில்லை. கொஞ்சம் இருங்கள்.

கள்ளிக்குடி தாண்டிவிட்டதா?

சரி. நான்தான். நான்தான் மாட்டினேன். ஸ்டேட்டஸில் போட ஒரு படம் வேண்டியிருந்தது. போனைச் சோலையக்கா கையில் கொடுத்தேன். மாலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், எங்கேயும் நிற்கவில்லை, வழுக்குகிறது. சோலையக்காதான் கேட்டார், "அதுலயா பாப்பா மாட்டுற? அது நிப்பாட்டுற பொத்தானுல்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷினே நின்னுக்கிட்டுத்தான்க்கா இருக்கு, நிக்கிற மெஷின எதுக்கு நிப்பாட்டணும்?" என்று கேட்டேன். பட்டிமன்றத்தில் இந்த மாதிரி ஒன்று சொன்னால் கைதட்டு விழும். அன்றைக்கும் விழுந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். சோலையக்காவும் சிரித்தார். "நாளைக்கு எடுத்துரு" என்றார். எடுத்துவிடுகிறேன் என்றேன். காலையில் வந்து லேபுக்குப் போய்விட்டேன். உப்பு நிறுத்தேன்.

தொண்ணூற்றொரு மார்க்கு.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். மூடியைக் கழற்றச் சொன்னது நான் இல்லை. ஒயரை முறுக்கியது நான் இல்லை. பூவைத் தொடக் கூடாது என்றது நான் இல்லை. மூடி மட்டும் இருந்திருந்தால் என் மாலை வெறும் மாலைதான். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடி ஜெயிப்பேன். இரண்டு மாதமாக என்னிடமே வாதாடி ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் குற்றம் சொல்லவில்லைதான். சும்மா கேட்டீர்கள், யார் கை என்று. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர்கூட அதைக் கேட்டிருக்கிறார், மாலையை யாரும்மா போட்டது என்று. சோலையக்கா தெரியாது என்றிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரி எனக்குச் சொன்னாள். பார், பயந்துகொண்டு பொய் சொல்கிறார் என்று அதற்கும் சேர்த்துத்தான் நான் அந்தப் பிடி பிடித்தேன்.

சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாங்களா என்று கேட்டாரே அக்கா. முதல் கேள்வி.

மூடி கழன்றது எப்படி என்று சொல்ல வேண்டுமென்றால் பூஜையைச் சொல்ல வேண்டும். பூஜையைச் சொன்னால் மாலை வரும். மாலை வந்தால் நான் வருவேன். அதனால்தான் அந்த மனுஷி எதையுமே சொல்லாமல் பெருவிரலை நீட்டியிருக்கிறார். நான் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு அரை மணி நேரம், வாய் இருக்கிறதல்லவா என்று கேட்டிருக்கிறேன்.

முழுப் படத்தைக் காட்டுகிறேன், இருங்கள். இதோ. இளித்துக்கொண்டு நிற்கிறேனே, அது நான். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கிறது பாருங்கள், பொட்டு வைத்த மூடி. பூஜையன்று மத்தியானம் மூன்று பத்துக்கே கழன்றிருக்கிறது. விஜயதசமி காலையில் சோலையக்கா கழற்றினார் என்று இனி எவனும் சொல்ல முடியாது. என்னை வெட்டினால் மூடியும் போய்விடுகிறது. எத்தனை விதமாக வெட்டிப் பார்த்தேன் தெரியுமா? என் தோளுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே ஒரு நூல் இடம்கூட இல்லை.

மேல் மூலையில் மங்கலாகத் தெரிவதா? அது அவர் விரல். போன் பிடித்துப் பழக்கமில்லை, ஆள்காட்டி விரல் கேமராவை மறைத்துவிட்டது. "வெரலு விழுந்துருச்சு, இன்னொண்ணு எடுங்கக்கா" என்றேன். அதற்குள் சுண்டல் வந்துவிட்டது. இன்னொன்று எடுக்கவில்லை.

இந்தப் படத்தில் மட்டும்தான் அந்த விரல் இப்போது இருக்கிறது. அதையும்தான் வெட்டியிருந்தேன்.

கப்பலூர் டோல் கேட் வந்துவிட்டது. உங்களிடம் எழுதாத காகிதம் ஏதாவது இருக்கிறதா? சீட்டு, நோட்டீஸ், எது வேண்டுமானாலும். இல்லையா. பையில் பேனா இருக்கிறது, காகிதம்தான் இல்லை. இந்த நாலு தாளிலும் ஒரு வரிக்குக்கூட இடம் விடவில்லை, அவ்வளவு பேசியிருக்கிறேன். இந்தச் சர்டிபிகேட்தான் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக, நல்ல கனமாக.

எழுதினால் கல்லூரியில் கொடுக்க முடியாது. ஆறு மாதம் போகும். மேனேஜர் இன்னொன்று தருவாரா? பூசணிக்காய் வேண்டுமானால் தருவார், என் தலையில் உடைக்க. மாலை போட்ட பெண்தான் காரணம் என்று எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினாலும் தள்ளுவார்கள். தள்ளட்டும். நான் வாதாடுகிறேன். அதற்காவது இந்த வாய் ஆகட்டும்.

பைலைக் கொஞ்சம் உங்கள் மடியில் வைத்து எழுதிக்கொள்ளட்டுமா? பஸ் ஆடுகிறது. சேவுப் பாக்கெட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

'மாலையைச் சிவப்புப் பொத்தானில் மாட்டியது நான். அப்போது மூடி எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. மேனேஜர் சொல்லி சங்கிலி கழற்றினார். படம் எடுத்தவர் சோலையம்மாள். மேல் மூலையில் தெரிவது அவருடைய விரல்.'

போதுமா? ஐந்தே வரி. நாலு தாளில் இதில் ஒன்றுகூட இல்லை அக்கா. முதலாளி இருக்கிறார், மூடநம்பிக்கை இருக்கிறது, சந்தனம் இருக்கிறது, நான் இல்லை.

மாட்டுத்தாவணி. இறங்க வேண்டியதுதான். விசாரணை நடக்கிற இடத்தில் சோலையக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார், மடியில் டிபன் டப்பா இருந்தாலும் இருக்கும். இடது கையால் கிண்டிய புளிச்சோறு. வாயைத் திறக்காதே பாப்பா என்று கண்ணாலேயே அதட்டுவார். நல்ல மனுஷிதான், ஆனால் நான் யார் சொல்லி வாயை மூடியிருக்கிறேன்?

நீங்கள் தின்னவே இல்லையே. தின்னுங்கள், நான் சொன்னேன் என்று வீணாக்காதீர்கள், அந்த மாவின் பக்குவம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். கையில் எண்ணெய் ஆகுமா? இந்தாருங்கள், இந்த நாலு தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் கொட்டித் தின்ன ஆகும்.